போதோனியின் எழுத்தும் பரலோக மந்திரமும்



ஜூபிலி மலர் என்றால் பங்கின் வரலாறு இருக்கும், பங்குத் தந்தையரின் வரிசை இருக்கும், ஆயரின் ஆசியுரை இருக்கும். அவை யாவும் இம்மலரில் உரிய இடங்களில் உள்ளன. நாம் எழுத வந்தது வேறொன்று. மலர்க் குழுவினர் முன்பக்க அட்டையின் மாதிரிகளை நம்மிடம் கொண்டுவந்தபோது, ஆங்கிலத் தலைப்புக்கு அவர்கள் தேர்ந்திருந்த எழுத்தைக் கண்டு ஒரு கணம் பேசாதிருந்தோம். தடித்த தூண் போன்ற கோடும், தலைமயிர் போன்ற மெல்லிய கோடும் அடுத்தடுத்து வரும் அழகிய எழுத்து அது. கலியாணப் பத்திரிகைகளிலும், நகைக்கடை விளம்பரங்களிலும், மேனாட்டு நாகரிக இதழ்களின் தலைப்புகளிலும் அதையும் அதன் உறவினரையும் நீங்கள் பலமுறை கண்டிருப்பீர்கள். பெயர் தெரியாமலே கண்டிருப்பீர்கள். அதற்குப் பெயர் போதோனி. அது ஒரு மனிதரின் பெயர். அம்மனிதர் தொழில் கற்றது நம் திருச்சபையின் அச்சகம் ஒன்றில். அந்த எழுத்தோடு நமக்கு ஒரு பழைய கணக்கும் உண்டு. அதைப் பின்னர் சொல்லுகிறோம்.

ஜாம்பத்திஸ்தா போதோனி 1740-ஆம் ஆண்டு பெப்ருவரி மாதம் வட இத்தாலியில் பியெமோந்தே நாட்டுச் சலுத்ஸோ நகரில் பிறந்தார். ஜாம்பத்திஸ்தா என்பதை நம் வழக்கில் சொன்னால் ஸ்நாபக அருளப்பர். தந்தையும் அச்சுத் தொழிலாளர், பாட்டனாரும் அச்சுத் தொழிலாளர். சிறுவயதிலேயே மரக்கட்டையில் படங்கள் செதுக்கப் பழகிக்கொண்டார். பதினெட்டு வயதில் நண்பர் ஒருவருடன் ரோமை நோக்கிப் புறப்பட்டார். வழிச்செலவுக்குக் கையில் போதிய பணம் இல்லை. தாம் செதுக்கிய மரக்கட்டைகளை வழியிலுள்ள அச்சகங்களில் விற்றுக்கொண்டே போய்ச் சேர்ந்தார் என்பர்.

ரோமில் அவருக்கு வேலை கிடைத்த இடம் விசுவாசப் பரப்புதல் பேராயத்தின் அச்சகம். இதைப் பற்றிப் பங்கு மக்கள் அறிந்திருப்பது நல்லது. 1622-இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் இப்பேராயத்தை நிறுவினார். நான்கு ஆண்டுகளில், 1626-இல், அதற்கென ஒரு பன்மொழி அச்சகம் தோன்றியது. தொலைதூர நாடுகளுக்குச் செல்லும் குருக்களுக்கு அந்தந்த நாட்டு மொழியில் மறைக்கல்வி நூலும், இலக்கணமும், செபப் புத்தகமும் வேண்டும் அல்லவா? அரபு, எபிரேயம், சிரியம், கொப்தியம், அர்மேனியம் என்று ஐரோப்பாவில் வேறெங்கும் காணாத எழுத்துக்கள் அங்கே பெட்டி பெட்டியாக இருந்தன. முழுவதும் மலையாள எழுத்தில் அச்சான முதல் நூலும் 1772-இல் ரோமில் இவ்வச்சகத்திலேயே வெளிவந்தது. (தமிழராகிய நாம் இதில் மூத்தவர்கள். 1578-இல் கொல்லத்திலேயே என்றிக்கே என்றிக்கஸ் அடிகளார் தமிழ் எழுத்தில் தம்பிரான் வணக்கத்தை அச்சிட்டுவிட்டார். இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.)

இளைஞர் போதோனிக்கு முதலில் இட்ட பணி பெருமைக்குரியதன்று. திருத்தந்தை ஐந்தாம் சிக்ஸ்துஸ் காலத்தில் சேர்த்த கீழைநாட்டு எழுத்து அச்சுகள் துருவும் தூசியும் ஏறிக் கலந்து கிடந்தன. அவற்றைத் துடைத்து, பிரித்து, மொழிவாரியாக அடுக்க வேண்டும். நம் சக்ரீஸ்தின் பழைய அலமாரியைச் சுத்தம் செய்யும் சிறுவர்களுக்கு அந்த வேலையின் சுவை தெரியும். ஆனால் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துத் துடைத்தபோதே முன்னோர் எழுத்தை எப்படி வெட்டினார்கள் என்பதை அவர் கண் கற்றுக்கொண்டது. அச்சகத்தின் தலைவர் ருஜேரி அவருடைய திறமையைக் கண்டு, கீழைநாட்டு மொழிகளைக் கற்கச் சபியென்சா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். 1762-இல் வெளியான திபெத்திய எழுத்து நூலில் அச்சிட்டவர் என்று போதோனியின் பெயரையும் ஊரையும் பொறிக்க இசைவு கொடுத்தார். இருபத்திரண்டு வயதுத் தொழிலாளிக்கு அது எவ்வளவு பெரிய சன்மானம்!

அந்த ருஜேரி பின்னர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். தந்தையைப் போல் தாங்கியவர் அப்படிப் போனபின் ரோமில் இருக்க போதோனிக்கு மனம் வரவில்லை. 1766-இல் இங்கிலாந்துக்குப் போய்ப் பாஸ்கர்வில் என்னும் புகழ்பெற்ற அச்சாளரிடம் சேரலாம் என்று கிளம்பினார். சொந்த ஊர் வரை வந்ததும் மலேரியாக் காய்ச்சல் கண்டது. இங்கிலாந்துப் பயணம் அதோடு நின்றது.

1768-இல் பார்மா நாட்டுக் கோமகன் பெர்தினாந்தின் அரண்மனையிலிருந்து அழைப்பு வந்தது. அரசு அச்சகம் ஒன்றை அமைத்து நடத்த வேண்டும். சிபாரிசு செய்தவர் அரண்மனை நூலகராயிருந்த தெயாத்தின் சபைத் துறவி பச்சாவுதி அடிகளார். அந்த 1768 தொடக்கத்தில்தான் பார்மா அரசு சேசு சபைக் குருக்களை நாட்டை விட்டு வெளியேற்றியது. குருக்களை ஒரு வாசலால் அனுப்பிய அதே மந்திரி சபை, மறு வாசலால் போதோனியை வரவேற்றது. வரலாற்றில் இப்படிப்பட்ட முடிச்சுகள் உண்டு. நாம் அவற்றை அவிழ்க்க முனையவில்லை.

தொடக்கத்தில் பாரிஸ் நகரத்து பூர்னியே என்பவரின் எழுத்துக்களை வாங்கியே அச்சிட்டார். பிறகு அவற்றைப் பார்த்து வெட்டினார். அதன்பின் தம் வழியில் போகலானார். அந்த வழி என்ன?

பழைய உரோமை எழுத்துக்கள் அகன்ற முனைப் பேனாவின் பிள்ளைகள். பேனாவைச் சாய்த்துப் பிடிப்பதால் தடிப்பும் மெலிவும் சாய்வாக, ஒன்றிலிருந்து ஒன்று மெல்ல மாறும். கோட்டின் முனையிலுள்ள சிறு பாதமும் வளைந்து தண்டோடு சேரும். போதோனி இதை நிமிர்த்தினார். தடிப்பெல்லாம் செங்குத்தான கோட்டில், மெலிவெல்லாம் கிடைக்கோட்டில். தண்டின் அடியிலும் முடியிலும் உள்ள பாதம் வளைவே இன்றி நேர்கோடாக, மயிரிழை போல் நிற்கும். தடிப்பிலிருந்து மெலிவுக்கு இறங்கும் இடம் திடீரென்று இருக்கும். ஏறக்குறைய அதே காலத்தில் பாரிஸில் டீடோ குடும்பத்தாரும் இதே பாதையில் சென்றனர். பீர்மேன் டீடோ 1784-ஐ ஒட்டி வெட்டிய எழுத்தைக் கண்டு போதோனி தம் எழுத்தை இன்னும் கூர்மையாக்கினார் என்று அறிஞர் கூறுவர். யார் முந்தியவர் என்னும் வழக்கு இன்னும் தீரவில்லை.

இதைச் செய்வது காகிதத்தில் வரைவது போன்ற காரியம் அன்று. எஃகுத் துண்டின் முனையில் எழுத்தைத் திருப்பி, கண்ணாடியில் தெரிவதுபோல், அரத்தாலும் உளியாலும் செதுக்க வேண்டும். அதைக் காய்ச்சிக் கடினமாக்கிச் செம்புத் துண்டில் அடித்தால் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தை வார்ப்புக் கருவியில் வைத்து, ஈயமும் வெள்ளீயமும் அந்திமனியும் கலந்த உலோகத்தைக் காய்ச்சி ஊற்றினால் ஓர் எழுத்து பிறக்கும். ஓர் எழுத்துக்கு இவ்வளவு. பெரிய எழுத்து, சிறிய எழுத்து, சாய்வெழுத்து, எண், நிறுத்தக்குறி என்று ஓர் அளவுக்கு எத்தனை வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். போதோனி ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனியே வெட்டினார். அதிலும் அளவுகள் படிக்கட்டு போல அடுத்தடுத்து நெருங்கி நிற்கும். அவர் விட்டுச்சென்ற எஃகு அச்சுகள் 20,000-க்கும் மேற்பட்டவை. இன்று பார்மாவின் பிலோத்தா அரண்மனையிலுள்ள போதோனி அருங்காட்சியகத்தில் அவை பாதுகாக்கப்படுகின்றன. ஒரு மனிதரின் வாழ்நாளை அங்கே பெட்டிகளில் அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

மயிரிழைக் கோட்டை ஈயத்தில் வார்த்துவிட்டால் மட்டும் போதாது, அது தாளில் பதிய வேண்டும். முரட்டுத் தாளில் பதியாது. மை தளர்ந்தால் தடித்துவிடும், அழுத்தம் கூடினால் ஒடிந்துவிடும். ஆகவே வழவழப்பான தாள், ஆழ்ந்த கறுப்பு மை, நன்கு சமன் செய்த அச்சுப்பொறி, பக்கத்தைச் சுற்றிலும் தாராளமான வெற்றிடம் என்று அனைத்தையும் அவரே மேற்பார்த்தார். ஒழுங்கு, தூய்மை, நல்ல சுவை, வசீகரம் என்னும் நான்கே எழுத்தின் அழகுக்கு அடிப்படை என்பது அவருடைய கோட்பாடு. பூவேலை, சித்திர விளிம்பு எல்லாவற்றையும் காலப்போக்கில் விட்டுவிட்டு எழுத்தும் வெற்றிடமும் மட்டும் போதும் என்ற நிலைக்கு வந்தார். ஆடம்பரத்தின் அரண்மனையில் இருந்துகொண்டு இத்தகைய துறவை அடைந்தது நமக்கு வியப்பாகவே உள்ளது.

புகழ் வந்தது. 1787-இல் அமெரிக்காவிலிருந்து பெஞ்சமின் பிராங்கிளின், தாமும் அச்சுத் தொழில் செய்தவர் என்ற உரிமையோடு, பாராட்டிக் கடிதம் எழுதினார். ரோமிலிருந்த ஸ்பானிய தூதர் அசாரா, அங்கே வந்து அச்சகம் வைக்கும்படி அழைத்தார். அவரை இழக்க மனமில்லாத கோமகன், அரசு அச்சகத்தோடு சொந்த அச்சகம் ஒன்றையும் நடத்திக்கொள்ள இசைவளித்தார். 1791-இல் அதிலிருந்து ஒராசியோவின் கவிதைகள் வெளிவந்தன. அதே ஆண்டில், ஐம்பது கடந்தவர், மார்கெரித்தா தல்லாலியோ என்னும் பெண்மணியை மணந்தார். இப்பெண்மணியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

குறைகளும் இருந்தன. அவர் நூல்களில் அச்சுப் பிழைகள் உண்டென்று பாரிஸ் போட்டியாளர்கள் சுட்டிக் காட்டினார்கள். பார்க்க அழகு, படிக்க நம்பகமில்லை என்பது அவர்களின் குத்தல். நூறாண்டு கழித்து இங்கிலாந்தில் வில்லியம் மாரிஸ் என்னும் கலைஞர், போதோனியின் எழுத்து அருவருப்பானது என்றே கடுமையாகத் தாக்கினார். அவ்வளவு தூரம் போக நமக்கு விருப்பமில்லை. ஆயினும் அந்த நூல்கள் யார் கைக்குப் போயின என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. கோமகன்கள், தூதர்கள், செல்வந்தர்கள். அவர்களிலும் எத்தனை பேர் அவற்றைக் கடைசிப் பக்கம் வரை வாசித்தார்களோ! பேராயத்தின் அச்சகத்தில் அவர் துடைத்து அடுக்கிய எழுத்துக்கள் யாரோ ஓர் ஏழைப் புதுக் கிறிஸ்தவனின் செபப் புத்தகத்துக்காக வெட்டப்பட்டவை. பார்மாவில் வெட்டியவை அரண்மனை மேசைகளுக்காக. இரண்டையும் செய்தது ஒரே கை.

இனிப் பரலோக மந்திரத்துக்கு வருவோம். பிரெஞ்சுப் படைகள் 1798-இல் ரோமுக்குள் புகுந்தன. கலைப் பொருள்களோடு பேராயத்தின் கீழைநாட்டு எழுத்துக்களும் பறிபோயின. அவற்றுள் அரபு எழுத்துக்கள் நெப்போலியனுடைய எகிப்துப் படையெடுப்புக்கே பயன்பட்டன. விசுவாசத்தைப் பரப்ப வெட்டிய எழுத்தில் படைத்தலைவனின் அறிக்கைகள் அச்சாயின! அங்கே அச்சகத்தை நடத்திய மார்செல் என்பவர் பிறகு பாரிஸ் அரசு அச்சகத்தின் தலைவரானார். நெப்போலியனின் முடிசூட்டுக்காக 1804-இல் பாரிஸ் சென்ற திருத்தந்தை ஏழாம் பத்திநாதர், 1805 தொடக்கத்தில் அந்த அச்சகத்தைப் பார்வையிட்டார். அவருக்கு மரியாதையாக மார்செல், பரலோக மந்திரத்தை 150 மொழிகளில் அச்சிட்டுக் கொடுத்தார். அதில் பயன்பட்ட கீழைநாட்டு எழுத்துக்களில் பல ரோமிலிருந்து எடுத்துச் சென்றவையே. தம் வீட்டிலிருந்து போன பொருளால் தமக்கே செய்த விருந்தை அவர் ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. கடன்காரரை மன்னிப்பது பற்றிய அந்த மன்றாட்டை எத்தனையாவது மொழியில் அவர் கண்டு நின்றாரோ!

திரும்பும் வழியில் பார்மாவுக்கு வந்தபோது அந்த நூலைப் போதோனிக்குக் காட்டி, உம்மால் இதை விஞ்ச இயலுமா என்று கேட்டார் என்பது வரலாறு. அப்போது போதோனிக்கு வயது அறுபத்தைந்து. அவர் மறுக்கவில்லை. 1806-இல், ஏறக்குறைய ஓராண்டுக்குள், 155 மொழிகளில் பரலோக மந்திரம் வெளிவந்தது. ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா என நான்கு பகுதிகள். அவற்றுள் பலவும் அவரவர் எழுத்திலேயே. இளமையில் திருச்சபையின் அச்சகத்தில் கற்றதை முதுமையில் திருச்சபையின் செபத்துக்கே கொடுத்தார் என்று எழுத நமக்கு ஆசைதான். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். நூலின் முதல் பக்கத்துக் காணிக்கை நெப்போலியனின் வளர்ப்பு மகனும் இத்தாலியின் ஆட்சிப் பிரதிநிதியுமான யூஜேன் போவார்னேக்கு உரியது. 1809-இல் நெப்போலியனின் ஆட்கள் அதே திருத்தந்தையைச் சிறை கொண்டுபோனார்கள். 1810-இல், அவர் சவோனா நகரில் கைதியாயிருந்த நாள்களில், போதோனி அச்சிட்ட ஓமரின் இலியாது காவியம் நெப்போலியனுக்குக் காணிக்கையாகி, போதோனிக்கு உதவித்தொகையும் கிடைத்தது. அவரைக் குற்றம் சாட்ட இதைச் சொல்லவில்லை. அரசர்களின் தாளும் மையும் இல்லாமல் அவர் தொழில் நடந்திராது. எனினும் அந்த இரண்டு நூல்களையும் அடுத்தடுத்து நினைக்கையில் நமக்கு மனம் கனக்கிறது.

1813 நவம்பர் இறுதியில் பார்மாவில் அவர் இறந்தார். வாழ்நாள் முழுவதும் சேர்த்த எழுத்து மாதிரிகளின் பெருநூல் முற்றுப்பெறாமல் கிடந்தது. அதை முடித்தவர் அவர் மனைவி மார்கெரித்தா. கணவரின் மூத்த தொழிலாளர் லுயீஜி ஓர்சியின் துணையோடு ஐந்தாண்டு பாடுபட்டு, 1818-இல் இரு பெரும் தொகுதிகளாக வெளியிட்டார். அறுநூறு பக்கங்களுக்கு மேல். இன்று உலகில் போதோனி என்ற பெயரில் வழங்கும் எழுத்துக்களுள் பெரும்பாலானவற்றுக்கு அந்த நூலே தாய். அட்டையில் அவர் பெயர் பெரிதாக இல்லை என்பதால் இங்கே சற்று அழுத்திச் சொல்லுகிறோம். நம் பங்கிலும் எத்தனையோ ஆண்களின் பெயரில் நடந்த பணிகளை முடித்துக் கொடுத்தவர்கள் பெண்கள் என்பது ஜூபிலிக் குழுவினருக்குத் தெரியும்.

சொன்ன கணக்கை இப்போது தீர்க்கிறோம். பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில், ஆலய நேர்ச்சித் திருநாளுக்கு இலத்தீன் பாடல் பூசை வைக்க ஆசைப்பட்டோம். முதியவர் சிலர் கேட்டிருந்தார்கள். பாடற்தாளைக் கணினியில் நாமே தட்டினோம். அழகாக இருக்கட்டும் என்று போதோனி எழுத்தைத் தேர்ந்தோம். இடம் போதவில்லை என்று எழுத்தைச் சிறிதாக்கினோம். செலவு குறைய ஜெராக்ஸ் எடுத்தோம். அந்த ஜெராக்ஸை வைத்து மறு ஜெராக்ஸும் எடுத்தார்கள். மயிரிழைகள் யாவும் போய்விட்டன. விசுவாசப் பிரமாணத்தில் ஓம்னியும் என்று ஒரு சொல் வருகிறது. அதில் முதல் எழுத்தாகிய வட்டத்தை விட்டால் மற்றவை எல்லாம் தூண்கள்தாம். எண்ணினால் பதினொன்று. தூண்களை இணைக்கும் மெல்லிய வளைவுகள் மறைந்தால் எது எந்த எழுத்து என்று யார் அறிவார்? அது வேலி போல நின்றது. வேறிடங்களில் நடுக்கோடு போய் ஓர் எழுத்து மற்றோர் எழுத்தாகியிருந்தது. சிறுவயதில் பாடியதை நினைவில் வைத்திருந்த ஓய்வுபெற்ற உபதேசியார் ஒருவர் மட்டும் தாளைப் பாராமல் பாடினார். மற்றவர்கள் தடுமாறி, வரிக்கு வரி குறைந்து, நடுவில் நின்றுவிட்டார்கள். பூசை முடிந்ததும் உபதேசியார் சக்ரீஸ்துக்கு வந்தார். “சாமி, தாள் ரொம்ப அழகா இருக்குது, எங்களாலேதான் வாசிக்க முடியலே” என்றார். அவர் குறையாகச் சொல்லவில்லை, தங்கள் கண்ணையே குறைப்பட்டார். அதுதான் நமக்கு அதிகம் உறைத்தது.

அதன் காரணத்தைப் பின்னர்தான் அறிந்தோம். முன்பே கூறினோம், போதோனி ஒவ்வோர் அளவுக்கும் தனியே வெட்டினார் என்று. பெரிய எழுத்தில் மயிரிழையை எவ்வளவு மெலிதாக்கினாரோ அவ்வளவு மெலிதாகச் சிறிய எழுத்தில் ஆக்கவில்லை. சிறியதில் மெல்லிய கோட்டுக்குச் சற்று உடம்பு கொடுத்தார், எழுத்தைச் சற்று அகலமாக்கினார். கணினியிலுள்ள எழுத்து பெரும்பாலும் ஒரே வரைவுதான். பெரிதாகவோ சிறிதாகவோ இழுத்துக்கொள்ளலாம். இழுத்துச் சிறிதாக்கும்போது மயிரிழையும் சேர்ந்து இளைத்துவிடுகிறது. 1991-இல் அமெரிக்க வடிவமைப்பாளர் சிலர் பார்மாவுக்கே சென்று பழைய மாதிரி நூலைப் பார்த்து, 1994-இல் சிறிய அளவுக்கு ஒன்று, நடுத்தரத்துக்கு ஒன்று, தலைப்புக்கு ஒன்று என மூன்று வரைவுகள் செய்தார்கள். தலைப்புக்குரியதைப் பாட்டுத் தாளில் போட்டால் என்ன ஆகும் என்பதை நாம் பணம் கொடுத்தே கற்றோம். ஆக, அன்று பிழை செய்தது போதோனி அல்லர், நாமே.

ஆகவே மலர்க் குழுவினர் கேட்டபோது அட்டையில் அந்த எழுத்து இருக்கட்டும் என்றோம். அங்கே அது பெரிதாக, வழவழப்பான தாளில், ஆப்செட்டில் அச்சாகிறது. போதோனி கேட்ட வசதிகள் ஏறக்குறைய எல்லாம் உண்டு. உள்ளே மறைந்த பங்கு மக்களின் பெயர்ப் பட்டியலுக்கு மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். குழுவில் இளைஞர் ஒருவர், அழகு கெடுமே என்று வருந்தினார். அப்பட்டியலை எடுத்துத் தன் கணவரின் பெயரையோ தாயின் பெயரையோ விரலால் தேடப் போகிறவர்கள் பலரும் அறுபதைத் தாண்டியவர்கள் என்றதும் அவரே ஒத்துக்கொண்டார். எழுத்தையும் தாமே மாற்றிக் கொண்டுவந்தார்.

ஜூபிலிப் பூசைக்கான இலத்தீன் பாடற்தாள் இம்முறை தடித்த எழுத்தில், பெரிதாக, அச்சகத்திலேயே அச்சாகி வந்துவிட்டது. சக்ரீஸ்தில் வைத்திருக்கிறோம். பாடகர் குழுவினர் சனிக்கிழமை ஒத்திகைக்கு முன் வந்து பெற்றுக்கொள்ளலாம்.